‘புட் ஆஃப்’ நடுவே ஒரு ‘பி’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேன், ஷுட், மஸ்ட் போன்ற மோடல் வினைகளை ஃப்ரேசல் வெர்போடு (‘புட் ஆஃப்’ போல, வினையும் ஒட்டுச்சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தருவது) சேர்த்துச் செயப்பாட்டுவினையில் எழுதும்போது எங்கே தடுமாறுகிறோம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘தி மீட்டிங் ஷுட் புட் ஆஃப்’ என்று மெயில் அனுப்பினேன். மேலாளர் நடுவில் ஒரு ‘பி’ சேர்த்துத் திருத்தினார். அது இல்லாவிட்டால் என்ன குறை?

‘பி’ இல்லாவிட்டால் மீட்டிங்கே எழுந்து வந்து எதையோ தள்ளிப்போட வேண்டும் என்று பொருள் வந்துவிடும். ‘தி மீட்டிங் ஷுட் பி புட் ஆஃப்’ என்பதுதான் சரி.

இந்தத் தவறு கவனக்குறைவால் வருவதில்லை, தமிழ்ப் பழக்கத்தால் வருகிறது. ‘மீட்டிங்கைத் தள்ளிப்போட வேண்டும்’ என்று நாம் சொல்கிறோம். யார் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனாலும் வாக்கியம் நிறைவாக நிற்கிறது. காரணம், ‘மீட்டிங்கை’ என்பதில் இருக்கும் ‘ஐ’ உருபு. மீட்டிங் எதையும் செய்யவில்லை, அதைத்தான் யாரோ ஏதோ செய்கிறார்கள் என்பதை அந்த ஓரெழுத்து சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி ஓர் உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்கும் சொல்லை, வேறு குறிப்பு இல்லையென்றால், வேலையைச் செய்பவராகவே ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். ‘அப்படி இல்லை’ என்று சொல்ல வருவதுதான் ‘பி’.

ஆகவே மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் ‘ஐ’ வந்தால் ஆங்கிலத்தில் ‘பி’ வேண்டும். பேச்சில் ‘லைட் அணைக்கணும்’ என்று ‘ஐ’யை விழுங்கிவிடுவோம், ‘லைட்டை’ என்று நிறுத்திச் சொன்னால் தெரிந்துவிடும். அப்புறம் வரிசை: மோடல், ‘பி’, வினையின் மூன்றாம் வடிவம், கடைசியில் ஆஃப், அவுட், ஓவர் போன்ற ஒட்டுச்சொல். ‘தி லைட்ஸ் மஸ்ட் பி ஸ்விட்ச்டு ஆஃப்.’

‘புட்’ இன்னொரு வகையிலும் ஏமாற்றும். அதன் மூன்று வடிவங்களும் ‘புட்’தான். அதனால் மூன்றாம் வடிவம் போட்டோமா என்பதே தெரியாது. ‘டேக்’கை வைத்துப் பழகுங்கள். ‘தி போஸ்டர் கேன் பி டேக்கன் டவுன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘டேக்’, ‘டுக்’ என்று வந்தால் உடனே கண்ணில் படும்.

‘இட் கேன் பி புட் இட் ஆஃப்’ என்று எழுதலாமா? ‘புட் இட் ஆஃப்’ என்றுதானே படித்தோம்?

எழுதக் கூடாது. நடுவில் இருந்த அந்த ‘இட்’தான் செயப்பாட்டுவினையில் வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. ஒரே ஆளை இரண்டு நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. ‘இட் கேன் பி புட் ஆஃப்.’

‘திஸ் மஸ்ட் பி லுக்டு இன்டு’ என்று வாக்கியத்தை முடித்தேன். முன்னிடைச் சொல்லில் வாக்கியம் முடியக் கூடாது என்று நண்பர் சொல்கிறார்.

உங்கள் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ‘லுக் இன்டு’ சேர்ந்தால்தான் ‘விசாரித்துப் பார்’ என்ற பொருள். ‘கண்டுபிடி’யில் ‘கண்டு’வை வெட்டிவிட்டால் வெறும் ‘பிடி’தானே மிஞ்சும்? அதுபோல ‘இன்டு’வை எடுத்துவிட்டால் பொருளே போய்விடும். முன்னால் நகர்த்தினாலோ யாரும் பேசாத ஆங்கிலமாகிவிடும். கடைசியில் தனியாக நிற்பதால் பலர் இந்த ஒட்டுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். அதுதான் உண்மையான ஆபத்து.

‘தி பஸ் மைட் பி புரோக்கன் டவுன் ஆன் தி வே’ சரியா?

வழியில் பழுதாகி நின்றுவிடக்கூடும் என்று சொல்ல வந்தீர்கள் என்றால் சரியில்லை. பஸ் தானாகவே நிற்கிறது, யாரும் அதை நிறுத்தவில்லை. ‘தி பஸ் மைட் பிரேக் டவுன்’ போதும். விமானத்தின் ‘டேக் ஆஃப்’, விருந்தாளியின் ‘டர்ன் அப்’ எல்லாம் இப்படித்தான், அவற்றுக்குச் செயப்பாட்டுவினை இல்லை.

ஆனால் ஃப்ரேசல் வெர்பின் முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதே ‘பிரேக் டவுன்’ பூட்டிய கதவைப் பற்றி வந்தால் ‘தி டோர் மஸ்ட் பி புரோக்கன் டவுன்’ என்பது சரி, ஏனென்றால் கதவை யாரோ உடைக்க வேண்டும். விமானம் தானாக டேக் ஆஃப் ஆகும். கோட்டை ஒருவர் கழற்ற வேண்டும், அதனால் ‘தி கோட் கேன் பி டேக்கன் ஆஃப்’. அதே ‘ஐ’ சோதனை இங்கேயும் கைகொடுக்கும்.

‘மஸ்ட் ஹேவ் பீன் கால்டு ஆஃப்’, ‘ஷுட் ஹேவ் பீன் கால்டு ஆஃப்’ இரண்டும் ஒன்றுதானே?

இதைக் கேட்டதற்கு நன்றி. தமிழ் வழியாக யோசிப்பவர்களுக்கு இதைவிட வழுக்கலான இடம் இல்லை.

மைதானத்துக்குப் போகிறீர்கள். ஒருவரும் இல்லை, விளக்குகள் எரியவில்லை. ‘மேட்ச் ரத்து செய்யப்பட்டிருக்க வேண்டும்’ என்கிறீர்கள். இன்னொரு நாள் கொட்டும் மழையில் ஆட்டத்தை நடத்துகிறார்கள், ஒருவர் வழுக்கி விழுந்து கால் உடைகிறது. அப்போதும் ‘மேட்ச் ரத்து செய்யப்பட்டிருக்க வேண்டும்’ என்கிறீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம். முதலாவது ஊகம், இரண்டாவது ஆதங்கம். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவைக்கிறது. ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் பீன் கால்டு ஆஃப்’; செய்திருக்க வேண்டும், செய்யவில்லையே என்பதற்கு ‘ஷுட் ஹேவ் பீன் கால்டு ஆஃப்’.

குழப்பம் வந்தால் ‘ரத்தாகியிருக்கும்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் பொருந்தினால் ‘மஸ்ட்’. ‘ஆனால் செய்யவில்லை’ என்று பின்னால் சேர்க்க முடிந்தால் ‘ஷுட்’. அலுவலகக் கடிதத்தில் இதை மாற்றி எழுதினால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னதாகிவிடும்.

மூன்று சொல் ஃப்ரேசல் வெர்புகள்?

விதி அதேதான். இரண்டு ஒட்டுச்சொற்களையும் வரிசை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்: ‘திஸ் ரூல் ஷுட் பி டன் அவே வித்’ (இந்த விதியை ஒழித்துவிட வேண்டும்). யாரால் என்று சொல்ல வேண்டுமானால் ‘பை’ அதற்கும் பின்னால் வரும்.

‘மஸ்ட் நாட் பி ஸ்விட்ச்டு ஆஃப்’ என்றால் அணைக்க வேண்டியதில்லை என்று பொருளா?

இல்லை, அணைக்கவே கூடாது என்று பொருள். வேண்டியதில்லை என்பதற்கு ‘டஸின்ட் ஹேவ் டு பி ஸ்விட்ச்டு ஆஃப்’ அல்லது ‘நீட் நாட் பி ஸ்விட்ச்டு ஆஃப்’ என்று எழுதுங்கள். இயந்திரங்களுக்கு அறிவிப்புப் பலகை எழுதுபவர்கள் இந்த ஒன்றை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள்.