பிசினஸ் படிக்கும் மாணவராக உங்கள் வளர்ச்சி, சறுக்கல், இலட்சியம் பற்றிச் சொல்வீர்களா? எனக்கு முதல் வருஷத்திலேயே தோற்றுவிட்டதாகத் தோன்றுகிறது

இந்தக் கேள்வியை இரண்டு நாளுக்கு முன்பே பார்த்தேன். பதில் எழுத மனமில்லாமல் கடந்து போய்விட்டேன். "முதல் வருஷத்திலேயே தோற்றுவிட்டதாக" என்ற அந்த வரிதான் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் அநேகமாக ஒரு பாடத்தில் ஃபெயில் ஆகியிருக்கிறீர்கள், அல்லது இன்டர்ன்ஷிப் கைநழுவிப் போயிருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு இரண்டுமே நடந்தது.

நான் எம்பிஏ கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். ஜெயித்துவிட்டு அறிவுரை சொல்ல வந்திருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை எழுதும்போது என் கையில் வேலை இல்லை. இரண்டு இடத்தில் நேர்முகம் முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இளநிலையில் நான் படித்தது இயற்பியல். "அக்கவுண்ட்ஸ் அடிப்படையே தெரியாமல் எம்பிஏவில் ஏன் சேர்ந்தாய்" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாதிப் பேர் வேறு பாடம் படித்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். கணக்கைக் கண்டு பயந்த ஆளும் இல்லை நான். வகைக்கெழுச் சமன்பாடு போட்டவருக்குக் கூட்டலும் கழித்தலும் என்ன பெரிய விஷயம் என்று நினைத்து, ஒரு கம்பெனியின் சொத்து, கடன், முதல் மூன்றையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டை உட்கார்ந்து படிக்காமலே விட்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

எனக்குப் பேச்சு நன்றாக வரும். முதல் செமஸ்டர் முழுக்க அது என்னைத் தூக்கிப் பிடித்தது. ஒரு தொழிலில் போட்டி எவ்வளவு கடுமையானது என்று அளக்க, ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் எழுதிய ஐந்து போட்டிச் சக்திகளை, எந்தத் தொழிலைச் சொன்னாலும் நின்ற இடத்தில் விரித்துப் பேசுவேன். மார்க்கெட்டிங்கில் நல்ல கிரேடு, ஸ்ட்ராட்டஜியில் அதைவிட நல்ல கிரேடு. குழு வேலை என்றால் "நீயே பிரசென்ட் பண்ணு" என்று என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நானும் அதைத் தலைமைப் பண்பு என்று நம்பினேன்.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு பிசினஸ் பிளான் போட்டி. நாங்கள் நாலு பேர். பழைய லேப்டாப்களை வாங்கி, பழுது பார்த்து, சின்ன அலுவலகங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது எங்கள் யோசனை. யோசனையில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் விற்பனை இரட்டிப்பாகும், லாபம் 30 சதவீதம் என்று பதினெட்டு ஸ்லைடில் அழகாகச் சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள்.

நடுவர்களில் ஒருவர் வங்கியில் தொழில் கடன் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். கைதட்டவில்லை. எங்கள் பிரிண்ட் அவுட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, "உங்க கஸ்டமர் எத்தனை நாளில் பணம் தருவாங்க?" என்று கேட்டார். அறுபது நாள் என்றேன். "பழைய லேப்டாப் விற்கிறவங்களுக்கு நீங்க எப்போ பணம் கொடுப்பீங்க?" கையோடு கொடுத்துவிடுவோம் என்றேன். "சரி, நாலாவது மாசம் பொருள் வாங்க, சம்பளம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்?"

"லாபத்திலிருந்து" என்று சொன்னேன்.

அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பேனாவை எடுத்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இதை நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விற்பனை முதல் மாதம் 100, அப்புறம் 200, 400, 800. செலவு அதில் 70 சதவீதம், அதாவது 70, 140, 280, 560. மொத்தம் 1,050 கையை விட்டுப் போகிறது. விற்ற பணம் இரண்டு மாதம் கழித்து வருவதால், நாலாம் மாத முடிவில் வந்திருப்பது முதல் இரண்டு மாதத்து 100-ம் 200-ம்தான். ஆக 300. கணக்குப் புத்தகத்தில் லாபம் 450. பணப்பெட்டியில் 750 பள்ளம். விற்பனை வேகமாக வளர வளரப் பள்ளமும் ஆழமாகிறது. லாபத்தில் ஓடும் கம்பெனி பணமில்லாமல் மூடப்படுவது இப்படித்தான். வொர்க்கிங் கேபிடல் பாடத்தில் கேஷ் கன்வர்ஷன் சைக்கிள் (பணம் திரும்பி வரும் சுழற்சி) என்று வருவதும் இதேதான்: சரக்கு கையில் கிடக்கும் நாள், கடன் வசூலாகும் நாள் இரண்டையும் கூட்டி, நாம் பிறருக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாளைக் கழித்தால், எத்தனை நாள் நம் பணம் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வரையறை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். என் சொந்தத் திட்டத்தில் அதைப் பொருத்திப் பார்த்ததே இல்லை.

இதுவரை சொன்னது வெறும் அறியாமை. அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்ற தோழியைக் காட்டி, "ஃபைனான்ஸ் பகுதியை இவள்தான் பார்த்துக்கொண்டாள்" என்று சொல்லிவிட்டேன். அவள் எதுவும் பேசவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அன்றைக்கு ராத்திரி, அவள் எப்போது அந்தக் கணக்கை அனுப்பினாள் என்று மெயிலில் தேடினேன். மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பியிருந்தாள். எக்செல் ஷீட்டைத் திறந்தால், பணம் வருவதையும் போவதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ தாளில் ஒரு வரிசை முழுக்க மஞ்சள் நிறம். எல்லாக் கட்டத்திலும் மைனஸ். மெயிலில் ஒரே வரிதான்: "முதல் மாசத்திலிருந்தே பணம் பத்தல, உட்கார்ந்து பேசணும்." அதற்குக் கீழே என் பதில் இருந்தது. "சூப்பர், ஸ்லைடுல போட்டுக்கலாம்." ஷீட்டைத் திறக்காமலே அனுப்பிய பதில். அந்த மஞ்சள் வரிசையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து ஃபைனான்சியல் மேனேஜ்மென்ட் தேர்வில் ஃபெயில் ஆனேன். மோடிலியானி, மில்லர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1958-ல் வெளியிட்ட கருத்தை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. கடன் எவ்வளவு, பங்கு முதல் எவ்வளவு என்ற விகிதம் ஒரு நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது என்று முடிவை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வரி இல்லை, திவாலானால் செலவு இல்லை, எல்லாருக்கும் ஒரே தகவல் கிடைக்கிறது என்ற நிபந்தனைகள் இருந்தால்தான் அது நிற்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பேராசிரியர் ஓரத்தில் "எப்போது?" என்று மட்டும் எழுதியிருந்தார். முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு, அது எதன் மேல் நிற்கிறது என்று பார்க்காமல் விடுவது: போட்டியிலும் தேர்விலும் நான் செய்தது ஒரே தப்பு.

வீட்டில் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். ஒரு மாதம் அதையே சொன்னேன். அம்மா ஃபோனில் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுவேன். அந்த மாதம் முழுக்க நான் எதையும் படிக்கவில்லை. மறைப்பதற்கே எல்லாச் சக்தியும் போய்விட்டது. நீங்களும் அப்படி ஏதாவது மறைத்துக்கொண்டிருந்தால், முதலில் அதை முடித்துவிடுங்கள். நான் சொன்ன அன்றைக்கு அம்மா கேட்டது ஒன்றுதான்: "மறுதேர்வு எப்போ?"

மறுதேர்வுக்குப் படிக்க அந்தப் பேராசிரியரிடமே போய் நின்றேன். எனக்கு அடிப்படையே புரியவில்லை என்று சொல்ல அரை மணி நேரம் வாசலில் நின்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவர் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் வரவு, பற்று என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையிலிருந்து ஆரம்பித்தார். லூக்கா பாச்சோலி என்ற துறவி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் வணிகர்களின் இந்தக் கணக்கு முறையை விளக்கியிருக்கிறார், அதற்கு முன்பே வணிகர்கள் அதைப் பழகி வந்தார்கள் என்று சொல்லிவிட்டு, "ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக மனுஷங்க மெதுவாகப் பழகிய விஷயம் இது, உனக்கு ஆறு வாரத்தில் வராததில் ஒன்றும் இல்லை" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது. தினமும் ஒரு சின்னக் கற்பனைக் கம்பெனி, பத்துப் பரிவர்த்தனை, எக்செல் இல்லாமல் கையால் எழுத வேண்டும். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. நாற்பது நாள் செய்தேன். இருபதாம் நாள் வாக்கில், கடனுக்கு விற்றால் லாபம் ஏறுகிறது, பணம் அசையவில்லை என்பது கண்ணாலேயே தெரிய ஆரம்பித்தது. நாலு மாதத்துக்கு முன்பு அந்த நடுவர் காட்டியது அப்போதுதான் உள்ளே இறங்கியது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் குழுவின் மற்ற இரண்டு பேர் முன்னாலேயே கேட்டேன், ஏனென்றால் நான் அவளைக் காட்டிக்கொடுத்ததும் அவர்கள் முன்னால்தான். "சரி விடு. இனிமே அனுப்பினா திறந்து பாரு" என்றாள். உடனே பழையபடி ஆகிவிடவில்லை. இரண்டு செமஸ்டர் ஆனது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிசினஸ் படிப்பில் வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனியில் நடந்ததை எடுத்து வைத்து அலசும் கேஸ் ஸ்டடி முறையில் அது தேவைதான், விவாதம் இல்லாமல் கேஸ் நடக்காது. ஆனால் யார் அதிகம் பேசினார் என்று எண்ணுவது சுலபமாக இருப்பதால் அதையே எண்ணுகிறார்கள். எனக்கு அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். மஞ்சள் வரிசையைப் போட்ட அவளுக்கு என்னில் பாதி. கேஸைப் படித்துவிட்டு வந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாய் திறப்பாள், அந்த ஒரு வாக்கியத்தில் விவாதமே திரும்பும். அதற்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. லாபம் அடைந்தவள் நானே சொல்கிறேன், இது அநியாயம். எழுதிக் கொடுத்தால் என்ன, குழுவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிட்டால் என்ன, வழியா இல்லை? பேசத் தெரிந்தவர்களை மேலே தள்ளிவிட்டு, பிற்பாடு கம்பெனிகளில் யாரும் கெட்ட செய்தியைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று அதே வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள்.

கோடாக் கேஸ் நடந்த அன்றைக்கு எனக்கு இது இன்னும் உறைத்தது. 1975-லேயே அந்தக் கம்பெனியின் பொறியாளர் ஒருவர் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். 2012-ல் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டது. வகுப்பில் எல்லாரும் "எப்படி இதைப் பார்க்காமல் விட்டார்கள்" என்று சிரித்தார்கள். போன வருஷமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர்கள் பார்க்காமல் இல்லை, பிற்பாடு டிஜிட்டல் கேமராக்களைச் செய்து விற்கவும் செய்தார்கள். ஃபிலிமில் வந்துகொண்டிருந்த லாபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்த மஞ்சள் வரிசையைப் பற்றி உட்கார்ந்து பேசுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் ஒரு எக்செல் ஷீட்டையே திறக்காதவள்.

இலட்சியம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சேரும்போது பெரிய கன்சல்டிங் கம்பெனி ஒன்றில் நுழைந்து முப்பது வயதுக்குள் பார்ட்னர் ஆவது என்று எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தேன். இப்போது சின்னத் தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில் வேலை தேடுகிறேன். இதைக் கேட்டு வகுப்பில் சிலர், ஆசையைச் சுருக்கிக்கொண்டாய் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்பனை நன்றாக ஓடியும் வசூல் தாமதமானதால் மூடிப்போகும் தொழில்கள் இருக்கின்றன. முதல் பள்ளம் விழும் மாதத்தை முன்கூட்டியே ஒரு தாளில் காட்டி, அதைத் தாண்டத் தேவையான அளவுக்கு மட்டும் கடன் கொடுத்தால் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றலாம். அந்த நடுவர் எங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் செய்ததை நான் வாழ்க்கை முழுக்கச் செய்ய ஆசைப்படுகிறேன்.

ஃபெயில் ஆனால்தான் வளர முடியும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபெயில் ஆனதால் எனக்கு ஒரு இன்டர்ன்ஷிப் போனது, அது திரும்பி வரவே இல்லை. முதல் தடவையே அந்த ஷீட்டைத் திறந்து பார்த்திருந்தால் இதையெல்லாம் கஷ்டப்படாமலே கற்றிருப்பேன். எல்லாரும் ஃபைனான்ஸ் எடுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. மார்க்கெட்டிங் எடுப்பவருக்கும் தன் விளம்பரச் செலவு எந்த மாதம் பணமாகத் திரும்பும் என்று தெரிந்தால் போதும்.

உங்களுக்கு எந்தப் பாடம் போனது என்று கேள்வியில் எழுதவில்லை. அக்கவுண்ட்ஸோ ஃபைனான்ஸோ என்றால் எழுதுங்கள். அந்த நாற்பது நாள் கணக்குகளும் நோட்டில் அப்படியே இருக்கின்றன, படமெடுத்து அனுப்புகிறேன். முதல் ஒன்பது நாளும் முதலில் போட்ட பேலன்ஸ் ஷீட் பொருந்தாது. அதை நான் அடிக்கவில்லை, எங்கே தப்பு நடந்தது என்று பக்கத்திலேயே சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.