நேரலை சுற்றிக்கொண்டே நிற்கிறதா? குரலே போதும்

யாழ் துரையப்பா அரங்கில் உங்கள் ஊர்க் கழகம் உதைபந்தாட்டம் விளையாடுகிறது, மல்லாவியில் உங்களுக்கு பேஸ்புக் நேரலை சுற்றிக்கொண்டே நிற்கிறது என்கிறீர்கள். வீடியோவை விடுங்கள். மைதானத்துக்குப் போன ஒருவர் வாட்சப் குழு அழைப்பில் கதைத்தால் சரி; குரலுக்கு டேட்டா கொஞ்சம்தான் போகும்.

ஆனால் ஆளைப் பார்த்துப் பிடியுங்கள். எங்கள் பெடியன் ஒருவன் கோல் விழுந்தால் கத்துவான், எந்தப் பக்கம் விழுந்தது என்று மட்டும் சொல்லவே மாட்டான்! பந்து யாரின் காலில், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், இவற்றை விடாமல் சொல்லச் சொல்லுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் வேண்டாம், நடுக்கோட்டருகே நிற்கட்டும். கேட்பவர்கள் மைக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டு நாய் குரைப்பதுதான் கேட்கும்.

அப்புறம், பவர் பேங்க் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். 90 நிமிடம், இடைவேளை 15, பெனால்டிக்குப் போனால் இன்னும் நீளும்.