குணமும் கைப்பழக்கமும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் நன்னெறிக் கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நற்குணங்களை அன்றாட வாழ்வில் முயன்று பழகுவது எப்படி என்று கேட்டு வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுக்காக நன்னெறியின் 36 நெறிகளையும் விளக்கத்தோடு மனனம் செய்து ‘ஏ’ வாங்கினேன். இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். படித்ததெல்லாம் எங்கே போயிற்று? (ஈப்போவில் பணிபுரியும் பெண்)

எங்கும் போகவில்லை, அம்மா. படித்தது நாவோடு நின்றுவிட்டது, கைக்கு இறங்கவில்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது, மேலோட்டமாகப் போனால் பால் வராது என்ற கணக்கை அவர் ஐந்து நிமிடத்தில் எனக்குச் சொல்லி முடித்துவிட்டார். ஆனால் வெட்டித் தள்ளவிருந்த கிழட்டு மரங்களில் நான் பழகி, மண்டோர் (தோட்ட வேலையைக் கண்காணிப்பவர்) திட்டாத அளவுக்குக் கை வருவதற்கு இரண்டு பள்ளி விடுமுறைகள் ஆயின. கட்டிக் கட்டியே ஒருவர் கொத்தனார் ஆவதைப் போல, நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நேர்மையாளர் ஆகிறார் என்று அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன் சொன்னதும் இதைத்தான்.

ஆகவே ‘இனிமேல் பொறுமையாக இருப்பேன்’ என்று சபதம் எடுக்காதீர்கள். அதைப் பிடித்துக்கொள்ள அதில் பிடி எதுவும் இல்லை. மோட்டாரை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றும் அந்த ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தலைக்கவசம் கழன்றதும் ஒருமுறை நன்றாக மூச்சுவிட்டு, அம்மா கேட்கும் முதல் கேள்விக்கு, அது நூறாவது முறையாகக் கேட்கும் ‘பசியாறினாயா’வாகவே இருந்தாலும், முழு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். இரண்டாம் கேள்வியைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ‘இன்ன வேளை வந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே உறுதி எடுப்பவர்களைவிட அதை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்வுகளின்வழி காட்டியிருக்கிறார்.

“நட்பும் தகையும் கொடையும் பிறவிக் குணம்” என்று ஔவையே பாடிவிட்டார். பிறகு எதற்கு இந்தப் பழக்கமெல்லாம்? (ஒரு தமிழாசிரியர்)

அதே வெண்பாவில் “சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்” என்று தொடங்கி, “நடையும் நடைப்பழக்கம்” என்று ஒழுக்கத்தையும் பழக்கத்தின் பக்கமே ஔவை வைத்திருப்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள், ஐயா. சிலருக்குக் கொடுக்கும் கை பிறவியிலேயே நீளமாக இருக்கிறது என்பது நாம் கண்கூடாகக் காண்பது. அதை நான் மறுக்கவில்லை. கொடை முழுவதும் பிறவியோடு வருவதென்றால், ஈகைக்கென்று 23ஆம் அதிகாரத்தை ஒதுக்கிப் பத்துக் குறள் எழுதிய வள்ளுவர் வீண்வேலை செய்தார் என்று ஆகிவிடும். பிறவியில் வராதவர்களுக்குத்தான் பழக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

எந்தக் குணத்தில் தொடங்குவது? எல்லாமே குறையாகத்தான் தெரிகிறது. (செம்பனை ஆலை ஊழியர்)

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) இளம் வயதில் மிதவுணவு, மௌனம், ஒழுங்கு, சிக்கனம் என 13 குணங்களைப் பட்டியலிட்டார். ஒரு சிறு குறிப்பேட்டில் கிழமைகளுக்குக் கட்டம் போட்டு, தவறிய இடங்களில் கறுப்புப் புள்ளி வைத்து, வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம் செலுத்தினார். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. ‘ஒழுங்கு’ மட்டும் கடைசிவரை தமக்கு வசப்படவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

முறை நல்ல முறைதான். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் ‘நீதி’ இருந்தது. ஆனாலும் அவர் பல ஆண்டுகள் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். முதுமையில்தான், 1787இல், பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். நம் கண்ணுக்குப் படாத குறைக்கு நாமே எப்படிப் புள்ளி வைப்பது? பணிவு அவர் பட்டியலில் 13ஆவதாகச் சேர்ந்ததுகூட, ‘உமக்குச் செருக்கு அதிகம் என்று பேசிக்கொள்கிறார்கள்’ என்று ஒரு நண்பர் சொன்ன பிறகுதான். எனவே முதல் குணத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், தம்பி. உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பதையே முதல் நாள் பயிற்சியாகக் கொள்ளலாம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அது 1960இல் வெளிவந்த ஒரு நூலில், முகச் சீரமைப்பு அறுவை செய்யும் மருத்துவர் ஒருவர், நோயாளிகள் தம் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பிய நம்பிக்கை. லண்டனில் 96 பேரைக் கொண்டு பிலிப்பா லாலியும் உடனிருந்தோரும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. அவை தண்ணீர் குடிப்பது, பழம் உண்பது போன்ற எளிய பழக்கங்கள். பொறுமை அவற்றைவிட எளிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடையில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் கிடைத்த செய்தி.

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நாவடக்கம் சாத்தியமா, ஐயா?

சாத்தியமில்லாமல் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். நம்மூரில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றைப் பற்றிய குரல்பதிவு ஒன்று இரவில் வந்தது. உண்மையா என்று பாராமல் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். மறுநாள் அந்தச் செய்தி வேறு ஊர்க் கடையைப் பற்றியது என்று தெரிந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் எனக்குத் தேநீர் ஆற்றி வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. “யாகாவா ராயினும் நாகாக்க” என்ற குறளை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்! இப்போது கட்டைவிரலும் நாக்கின் கணக்கில்தான் வருகிறது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எதையும் பகிர்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். காலையில் பார்க்கும்போது பாதிக்கு மேல் பகிரத் தகாதவையாகவே தெரிகின்றன.

நான் சிக்கனமாக இருந்தால் வீட்டில் கஞ்சம் என்கிறார்கள். (இல்லத்தரசி)

சிக்கனத்துக்கு எதற்காக என்ற இலக்கு தெரியாதபோதுதான் அது கஞ்சத்தனமாகத் தெரிகிறது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், நம்மூர்க்காரரும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி என்று கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணம் தோட்டங்களையே வாங்கியது. அவர்களை யாரும் கஞ்சர் என்று சொல்லவில்லை. சேமிப்பது எதற்கு என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, நீங்கள் இதையெல்லாம் கடைப்பிடிக்கிறீர்களா?

இந்த வாரம் என் குறிப்பேட்டில் ‘பொறுமை’. இன்று புதன்கிழமை, மூன்று புள்ளிகள் விழுந்திருக்கின்றன. இரண்டு, பேரன் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைக்காததற்கு நான் கத்தியது. மூன்றாவது, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு வந்த கோபம்.