பீடியை விடச் சொல்லும் கலையை மருத்துவ மாணவருக்குக் கற்றுத்தர முடியுமா?

முடியும். இந்தியாவில் 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல் 'ஏட்காம்' என்ற பகுதி பாடத்திட்டத்தில் உண்டு: மனப்பான்மை, அறநெறி, உரையாடல். ஆனால் உரையாடலை வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது, நீச்சல் மாதிரிதான்.

காய்ச்சல்காரர் மருந்து கேட்டு வருகிறார். நோய்த்தடுப்பில் சிக்கலே வேறு: எதிரில் இருப்பவருக்கு இன்று வலியே இல்லை. "பீடியை விடுங்க, கேன்சர் வரும்" என்று மிரட்டினால் தலையாட்டிவிட்டு வாசலிலேயே பற்றவைப்பார்.

குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய முறை இங்கே கைகொடுக்கும். காரணத்தை மருத்துவர் சொல்லாமல், எதிரில் இருப்பவர் வாயாலேயே வரவைப்பது. "விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு?" என்று கேட்கிறோம். "நாலு" என்கிறார். உடனே "ஏன் பத்து இல்லை?" என்றால் சாக்குகள்தான் வரும். "ஏன் ரெண்டு இல்லாம நாலு?" என்று கேளுங்கள். "பேத்தி கிட்டவே வரமாட்டேங்கிறா டாக்டர்" என்பார். சரி, இனி பேச்சு பேத்தியைப் பற்றி!

இதைப் பழக, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் 1963-லேயே தொடங்கியது இது. நடித்தவரே முடிவில், "என் முகத்தைப் பார்க்காம எழுதிக்கிட்டே இருந்தீங்க" என்று சொல்லும்போது உறைப்பது போல எந்த ஆசிரியர் சொன்னாலும் உறைக்காது.