வெங்காயம் பிடுங்குகிற கையில் பெருவிரல் அடிநோ

நிலாவெளியில் வெங்காயத் தோட்டத்துக்குப் போகிற அம்மாவுக்கு வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் நோ. எண்ணெய் தேய்க்கத் தேய்க்கக் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாதம் மாதிரித் தெரியவில்லை. பெருவிரலை இழுக்கிற தசைநாண்கள் ஓடும் உறை தடித்து இறுகினால் இப்படித்தான் நோகும். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் பொத்தி, மணிக்கட்டைச் சின்னிவிரல் பக்கம் மெல்லச் சரிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சுள்ளென்று குத்தினால் பெரும்பாலும் அதுதான்.

தேய்ப்பதை நிறுத்துங்கள். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டி 4 முதல் 6 கிழமை போடவேணும். மணிக்கட்டை மட்டும் சுற்றுகிற பட்டி வாங்கினால் காசுக்குக் கேடு. துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தரம். டைக்குளோபினாக் என்கிற நோக்குளிசையை டொக்டரைக் கேளாமல் நாள்கணக்காய் விழுங்க வேண்டாம். வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கையில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

தோட்டத்தில் வெங்காயத்தோடு புல்லையும் கிள்ளி முறுக்கிப் பிடுங்குவதுதான் வில்லங்கம். சின்னக் கத்தியால் வேரைக் கிளப்பட்டும். கத்திப் பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள்.

அப்படியும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். உறைக்குள் போடுகிற ஒரு ஸ்டீரொய்ட் ஊசியோடு பலருக்குச் சுகமாகும். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லவேணும், சீனி சில நாள் ஏறும். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் கதை வேறு, இரத்தம் சோதிக்கவேணும்.