‘தி ஷேடோ’ (1994): நிழல் நாயகனைப் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். ரசல் மல்காஹி இயக்கி, அலெக் பால்ட்வின் நடித்த ‘தி ஷேடோ’ படத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, நேத்துதான் படம் பார்த்தேன். பணக்கார ஹீரோ, ராத்திரி வேட்டை, கறுப்பு அங்கி... அப்படியே பேட்மேன் காப்பி மாதிரி இருக்கே?

தம்பி, நீங்கள் சொல்வது தலைகீழ். ஷேடோவின் குரல் வானொலியில் முதலில் கேட்டது 1930-இல். பேட்மேன் வந்தது 1939-இல். முதல் பேட்மேன் கதையை எழுதிய பில் ஃபிங்கர், 1936-இல் வெளிவந்த ஒரு ஷேடோ நாவலிலிருந்துதான் அந்தக் கதையை எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். படம் தாமதமாக வந்ததால் மூத்தவன் இளையவனைப் பார்த்து நடப்பதுபோல் தெரிகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

வானொலி முதலா, பத்திரிகை முதலா? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

வானொலிதான். ஆனால் அங்கே அவன் ஹீரோவாகப் பிறக்கவில்லை. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பதிப்பகம் தன் துப்பறியும் பத்திரிகையை விற்பதற்காக 1930 ஜூலை 31 முதல் அதன் கதைகளை வானொலியில் நாடகமாக்கியது. கதை சொல்பவருக்கு ‘ஷேடோ’ என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் குரலும் சிரிப்பும் ஜனங்களைப் பிடித்துக்கொண்டன. பத்திரிகைக் கடைக்குப் போனவர்கள் “அந்த ஷேடோ புத்தகம் கொடுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு புத்தகமே கிடையாது!

பதிப்பகம் அவசர அவசரமாக வால்டர் கிப்சனைப் பிடித்தது. மேடை மாயாஜாலம் தெரிந்த எழுத்தாளர். மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரில் 1931 ஏப்ரலில் முதல் நாவல் வந்தது. மொத்தம் வந்த 325 நாவல்களில் 282 அவர் கையால் எழுதியவை. கதையின் உள்ளே பார்த்தால் ஷேடோவின் நிஜப் பெயர் கென்ட் அலார்ட். லமான்ட் கிரான்ஸ்டன் என்ற பணக்காரன் அவன் இரவல் வாங்கிய முகம். வானொலி இந்தச் சிக்கலை வெட்டியெறிந்து கிரான்ஸ்டனையே ஷேடோ ஆக்கியது, படமும் அதையே எடுத்துக்கொண்டது.

1937 செப்டம்பரில் அவன் வானொலிக்கே ஹீரோவாகத் திரும்பினான். குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ், அப்போது வயது 22.

படத்துல அவன் மறைஞ்சிடறான், ஆனா நிழல் மட்டும் சுவத்துல தெரியுது. இதுக்கு ஏதாவது லாஜிக் இருக்கா சார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கிப்சனின் நாவல்களில் ஷேடோ மாயமாக மறைவதில்லை. கறுப்பு அங்கி, அகன்ற தொப்பி, இருட்டு இருந்தால் போதும். சுவரோரம் ஒரு கருமை நகர்கிறது, அது மனிதன் என்று தெரிவதற்குள் வேலை முடிந்துவிடும். மேடையில் பார்வையாளனின் கண்ணை வேறு பக்கம் திருப்பத் தெரிந்தவர் எழுதிய எழுத்து அது.

வானொலியில் இதை எப்படிச் செய்வது? அரை மணி நேர நாடகம், அதற்குள் நிலக்கரிக் கம்பெனி விளம்பரமும் வர வேண்டும். பதுங்குவதற்குச் சத்தம் கிடையாதே. அதனால் ஒரே வரியில் முடித்தார்கள்: கீழை நாடுகளில் கிரான்ஸ்டன் ஒரு ரகசியம் கற்றான், மனிதர் மனத்தை மயக்கித் தன்னைப் பார்க்க முடியாமல் செய்வான். அவன் மறைந்ததும் குரலை மட்டும் தொலைபேசிக்குள்ளிருந்து வருவதுபோல் மாற்றிவிடுவார்கள். கேட்பவருக்கு உடனே புரியும். எத்தனை எளிமை, எத்தனை அழகு!

படத்துக்கோ எதிர்ச் சிக்கல். பார்க்க வந்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஹீரோவைக் காட்ட வேண்டும். மனிதனின் மனத்தை ஏமாற்றலாம், வெளிச்சத்தை ஏமாற்ற முடியாது. அதனால் நிழல் மிச்சமாகிறது. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆரம்பத்தில் வரும் பாலக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கான்கிரீட்டில் கால் புதைந்த ஒருவரை ஆற்றில் தள்ளப் போகிறார்கள், சிரிப்பு எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, ரவுடிகள் வெறும் காற்றைச் சுடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்கள் நேராக வானொலியிலிருந்து வந்தவை.

வில்லன் ஷிவான் கான் இதே வித்தையால் ஒரு முழு ஹோட்டலையே நியூயார்க் நகரத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருப்பதையும் கவனியுங்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள் என்பதை வசனம் இல்லாமலே சொல்லும் இடம் அது.

மார்கோ லேன் நாவல்லயே உண்டா?

ஷேடோவின் தோழியான மார்கோ, வானொலிக்காக உருவான பாத்திரம். ஆண் குரல்களுக்கு நடுவே ஒரு பெண் குரல் தேவைப்பட்டது, குரல் கொடுக்க ஆக்னஸ் மூர்ஹெட் வந்தார். மார்கோ நாவலுக்குள் நுழைந்தது 1941-இல்தான்.

திபெத், அபினி, செங்கிஸ் கானின் வாரிசு... ஆசியர்களை இப்படிக் காட்டுறது சரியா?

சரியில்லை, சுற்றி வளைக்க மாட்டேன். 1930-களின் மலிவு விலை நாவல்களுக்குக் கிழக்கு என்றாலே மந்திரமும் ஆபத்தும்தான். ஷிவான் கான் 1939 நாவல் ஒன்றிலிருந்து வந்தவன், அந்தப் பார்வையைப் படமும் சுமக்கிறது. இருந்தாலும் அந்த வேடத்தில் நடித்த ஜான் லோன் அவனை வெறும் பூச்சாண்டி ஆக்கவில்லை. கிரான்ஸ்டனுக்கு எதிரே உட்கார்ந்து மிரட்டிக்கொண்டே, “உன் டை நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய்?” என்ற தோரணையில் விசாரிப்பான். அந்த ஆசையில் ஒரு மனிதன் தெரிகிறான்.

கண்ணாடி அறை கிளைமாக்ஸ் சட்டுனு முடிஞ்ச மாதிரி இருந்தது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. 1994 ஜனவரி 17-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அந்தக் கண்ணாடி செட் நொறுங்கிவிட்டது. திட்டமிட்டபடி முழுதாக எடுக்க முடியவில்லை. இப்போது நாம் பார்ப்பது மிஞ்சியது.

இவ்வளவு நல்லா இருந்தும் ஏன் ஓடலை?

செலவு சுமார் 4 கோடி டாலர், அமெரிக்க வசூல் சுமார் 3.2 கோடி. ‘தி லயன் கிங்’ ஓடிக்கொண்டிருந்தது, சில நாளில் ‘ஃபாரஸ்ட் கம்ப்’பும் வந்துவிட்டது. என் கணிப்பில் காரணம் இன்னும் ஆழமானது. வானொலித் தொடர் 1954-இலேயே நின்றுபோயிற்று. அந்தச் சிரிப்பைக் கேட்டால் மயிர்க்கூச்செறிய வேண்டியவர்கள் 1994-இல் தாத்தா பாட்டிகள். தியேட்டருக்கு வந்தது பேரன்கள். படமும் அவர்களுக்காக ஒரு பக்கம் கிண்டல், மறு பக்கம் இருள் என்று அலைபாய்ந்தது. டேவிட் கெப்பின் வசனம், ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை இரண்டுக்கும் நான் இன்றும் வாதாடுவேன்.

வானொலி நாடகத்தை எதிலிருந்து ஆரம்பிக்கலாம், அண்ணா?

1937 செப்டம்பர் 26 ஒலிபரப்பான ‘தி டெத் ஹவுஸ் ரெஸ்க்யூ’. செய்யாத கொலைக்காக ஒருவன் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறான், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வெல்ஸின் குரல் எந்த இடத்தில் தொலைபேசிக் குரலாக மாறுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், அடுத்து எது என்று நான் சொல்கிறேன்.