மீட்பர் என்ற சொல்லின் பொருள்

கேள்வி: எபிரேயத் தீர்க்கதரிசிகள் காட்டும் கடவுள் கோபமும் தண்டனையுமாகவே இருக்கிறார். அவரை ஒடுக்கப்பட்டோரின் மீட்பர் என்பது இன்றைய அரசியலை வேதத்தின்மேல் ஏற்றுவதாகாதா? மீட்பு என்பது ஆன்மாவைப் பற்றியது அல்லவா?

பதில்: ஆகாது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், ஒத்திக்கு விட்ட நிலத்தை மீட்கிறோம் என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, ஏறத்தாழ அதே பொருளில்தான் தீர்க்கதரிசிகளின் நாட்டிலும் அந்தச் சொல் வழங்கியது. ஒருவன் வறுமையால் நிலத்தை விற்றுவிட்டால் அதைத் திரும்ப வாங்கிக் கொடுக்கவும், தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டால் பணம் கொடுத்து அவனை விடுவிக்கவும் கடமைப்பட்ட நெருங்கிய உறவினனுக்கு எபிரேயத்தில் ‘கோயேல்’ என்று பெயர். வேதத்தின் சட்ட நூல்களுள் ஒன்றான லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் இதை விரிவாகச் சொல்கிறது. எருசலேம் பாபிலோனியரின் முற்றுகையில் இருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த தீர்க்கதரிசி எரேமியா, இந்த உரிமையின்படிதான் தன் தந்தையின் சகோதரன் மகனுக்கு அனதோத் ஊரில் இருந்த நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகள் கையெழுத்திட்ட பத்திரம் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டது. அதே எரேமியாவின் நூலில், சிறைபிடித்தவர்கள் விடமாட்டோம் என்று பற்றிக்கொண்டிருக்கும் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி, ‘அவர்களுடைய கோயேல் வல்லமையுள்ளவர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது (50:34). மீட்க உறவினர் இல்லாத நாதியற்றவர்களுக்குக் கடவுளே அந்த உறவினராக வந்து நிற்கிறார்.

கோபத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அது யார்மேல் வந்த கோபம் என்று பாருங்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், தெக்கோவா ஊரில் ஆடு வளர்த்த தீர்க்கதரிசி ஆமோஸ் ‘கோயேல்’ என்ற சொல்லைக் கையாளவில்லை. ஆனால் ஏழையை ஒரு ஜோடி செருப்புக்காக விற்றவர்களையும், அடகாக வாங்கிய ஆடையைப் பலிபீடத்தின் அருகே விரித்துப் படுத்தவர்களையும் பெயர் சொல்லாமலே அடையாளம் காட்டினார். அந்த ஆடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும் என்பது யாத்திராகமச் சட்டம்; ஏனெனில் ஏழைக்கு இரவில் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லை. இது வெறும் உவமையன்று. 1960இல் இஸ்ரேலின் கடற்கரையில், யாவ்னே-யாம் அருகே ஒரு பழங்கோட்டையில், மையால் எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்த ஓட்டில், அறுவடைக் கூலியாள் ஒருவன் தன் அதிகாரியிடம், சொன்ன வேலையை முடித்துவிட்ட பிறகும் தன் ஆடையைப் பறித்துக்கொண்டார்கள் என்றும், வெயிலில் தன்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்றும் முறையிடுகிறான். அவனுக்கு ஆடை திரும்பக் கிடைத்ததா என்பதை அறிய வழியில்லை. இதைப் படித்த பிறகும் ஆமோஸின் சினம் மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

பாவமன்னிப்பு மீட்பில் அடங்காது என்று நான் சொல்லவில்லை. ஏசாயா 44ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆனால் ஆன்மாவை மட்டும் தனியே பிரித்தெடுக்கத் தீர்க்கதரிசிகள் இடம் தருவதில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுரு பலகை பதித்த மாளிகை கட்டிய யோயாக்கீம் அரசனிடம், அவன் தந்தை யோசியா எளியவனுக்கு நியாயம் வழங்கியதை நினைவூட்டிவிட்டு, எரேமியா கடவுளின் வாக்காகக் கேட்கும் கேள்வி இது: ‘என்னை அறிவது என்பது இதுவல்லவா?’